ஸராஃபாவுக்கு மேலே நாலு புள்ளி

என் மைத்துனன் முத்தையா ஒட்டகச்சிவிங்கி மேய்ப்பதற்காக அரபு நாட்டுக்குப் போகிறான் என்று தெரிந்த அன்று எங்கள் வீட்டில் எல்லோரும் சிரித்தோம். அதிகம் சிரித்தவன் நான்தான். அங்கே ஒரு பெரிய மனிதர் தன் தோட்டத்தில் ஒட்டகச்சிவிங்கி வளர்க்கிறாராம். அதற்குத் தழை போடவும் கொட்டடியைக் கூட்டவும் ஆள் வேண்டுமாம். வெளிநாடு என்று கேட்டதும் அழுவதற்குத் தயாராக முந்தானையை எடுத்த என் மனைவி, ஒட்டகச்சிவிங்கி என்றதும் முந்தானையை விட்டுவிட்டாள். "ஏல, ஏணி போட்டுத்தான் குளிப்பாட்டணுமோ?" என்று தம்பியிடம் கேட்டுவிட்டு அவளும் சிரித்தாள்.

ஆனாலும் கிளம்பும்போது என்னைத் தனியாகக் கூப்பிட்டு ஒன்று சொன்னாள். எங்கள் அடுத்த தெருப் பையன் ஒருவன் டிரைவர் வேலை என்று போய், பாலைவனத்தில் ஒட்டகம் மேய்த்துவிட்டு மூன்று வருஷம் கழித்து வந்தான். வந்தவன் யாரோடும் சரியாகப் பேசுவதில்லை. "காயிதத்த நீங்க படிச்சுப் பாத்துட்டு அனுப்புங்க. ஒட்டகம் கிட்டகம்னு இருந்தா கையோட கூட்டிட்டு வந்திருங்க. அவன் வெவரம் பத்தாதவன்" என்றாள். விவரம் பத்தாதவன் என்பதில் எங்கள் இருவருக்கும் கருத்து வேற்றுமை கிடையாது. ஒன்பது வருஷமாக என் அச்சகத்தில் எழுத்துக் கோக்கிறான். அவனுக்குச் சின்ன ல, பெரிய ள, சிறப்பு ழ மூன்றும் ஒரே வீட்டுப் பிள்ளைகள்.

அவன் போவது அரபு நாட்டுக்கு, நான் போனது திருவனந்தபுரம் வரைக்கும். எனக்கு அதுவே வெளிநாடுதான். களியக்காவிளை எல்லையில் மாறி ஏறிய கேரளப் பேருந்தின் சன்னல்களில் கண்ணாடி இல்லை, சுருட்டிக் கட்டிய தார்ப்பாய்தான் இருந்தது. மழை வந்தால் அதை அவிழ்த்துவிட்டுப் பகலிலேயே இருட்டுக்குள் உட்கார்ந்து போகிறார்கள். என் பக்கத்துத் தார்ப்பாயில் ஒரு கிழிசல். திருவனந்தபுரம் வருவதற்குள் என் இடது தோள் மட்டும் ஒரு தடவை முழுசாகக் குளித்திருந்தது. முத்தையா எனக்கு இடம் மாற்றிக் கொடுக்கிறேன் என்றான். இவன் பேச்சைக் கேட்டு எழுந்திருப்பதா என்று நான் அசையவில்லை.

ஆரியசாலையில் மொத்த வியாபாரக் கடைகளுக்கு நடுவில் ஆறுமுகம் பிள்ளையின் ஓட்டல். மாடியில் நாலு அறைகளை வாடகைக்கு விடுகிறார். பூதப்பாண்டிக்காரர், இங்கே வந்து முப்பது வருஷம் ஆகிறது. தமிழ்தான் பேசுவதாக அவர் நினைத்துக்கொண்டிருக்கிறார்.

"சோறு கொள்ளாமா அண்ணாச்சி?" என்றார். நன்றாயிருக்கிறதா என்று கேட்கிறாராம்.

கொள்ளும் அளவுக்கு இலையில் ஒன்றும் இல்லை. சிவப்பாகத் தடித்த அரிசி, ஒவ்வொன்றும் ஒரு வேர்க்கடலைப் பருமன். பிசைந்தால் சேராது, உருட்டினால் நிற்காது. குடிக்க ரோஸ் நிறத்தில் வெந்நீர் வந்தது. யாரோ கை கழுவிய தண்ணீர் என்று நான் தள்ளிவைத்தேன்.

"அது பதிமுகக் கட்டை போட்டுத் திளப்பிச்ச வெள்ளமாக்கும். உடம்புக்கு நல்லது, கேட்டேளா?" என்றார் பிள்ளை.

"எங்க ஊர்ல தாமிரபரணியை அப்படியே மொண்டு குடிப்போம். அதுக்குச் சாயம் ஏத்த வேண்டிய அவசியம் வரல" என்றேன். அடுத்த மேசையில் இருந்த இரண்டு சரக்குக்கடைக் கணக்கப்பிள்ளைகள் திரும்பிப் பார்த்துச் சிரித்தார்கள். சிரிக்க ஆள் கிடைத்தால் எனக்கு நிறுத்தத் தெரியாது. இவன் யார், எங்கே போகிறான் என்று அவர்கள் கேட்டதும் முத்தையாவின் கதையைச் சொல்ல ஆரம்பித்தேன்.

எங்கள் ஊர் எண்ணெய்க் கடைக்காரர் வீட்டுக் கல்யாணப் பத்திரிகையில் 'அன்புடன் அழைக்கிறோம்' என்று வர வேண்டிய இடத்தில் இவன் 'அன்புடன் அலைக்கிறோம்' என்று கோத்துவிட்டான். ஐந்நூறு பத்திரிகையும் ஊர் ஊராகப் போய்ச் சேர்ந்த பிறகுதான் தெரிந்தது. எண்ணெய்க் கடைக்காரர் சண்டைக்கு வந்தார். நான் சொன்னேன், "அண்ணாச்சி, மண்டபத்தை ஊருக்கு வெளியே நாலு மைல் தள்ளிப் பிடிச்சிருக்கீரு. பஸ்ஸும் கிடையாது. பையன் உள்ளதைத்தான் போட்டிருக்கான்." இந்த இடத்தில் எல்லோரும் சிரிப்பார்கள். ஆரியசாலையிலும் சிரித்தார்கள். பிள்ளை கல்லாவில் கையைத் தட்டிச் சிரித்தார். நாலு வருஷமாகப் பத்திரிகை அடிக்க வருகிற ஒவ்வொருவருக்கும் சொல்லித் தேய்ந்த கதை, ஆனாலும் பழுதில்லாமல் ஓடுகிறது. முத்தையா நான் தள்ளிவைத்த ரோஸ் தண்ணீரை எடுத்துக் குடித்துக்கொண்டிருந்தான்.

சாயங்காலம் கரமனையில், முத்தையாவை அனுப்பும் ஏஜெண்டின் ஆபீசுக்குப் போனோம். கீழே குடை ரிப்பேர் கடை, மேலே ஆபீஸ். ஏஜெண்ட் இல்லை. முப்பது வயதுப் பெண் ஒருத்தி தட்டச்சுப் பொறிக்குப் பின்னால் இருந்தாள். அவள் மலையாளத்தில் பேசியதைத் தமிழில் தருகிறேன். காகிதம் நாளை மறுநாள் காலையில் வரும், அதற்கு அடுத்த நாள் விமானம், அதுவரை ஊரைச் சுற்றிப் பாருங்கள்.

"மிருகம் ஒட்டகச்சிவிங்கிதானே?" என்று கேட்டேன்.

"ஒட்டகம்" என்று தலையாட்டினாள்.

"ஒட்டகம் இல்லம்மா. ஒட்டகச்சிவிங்கி."

"ஆமா, ஒட்டகம்" என்றாள் மறுபடியும்.

"விடுங்க அத்தான். அவங்களுக்குத் தமிழ் தெரியாதுல்லா" என்று முத்தையா என் கையைப் பிடித்து இழுத்தான்.

எனக்கு எரிச்சல் வந்தது. ஒன்பது எழுத்துச் சொல்லில் முதல் பாதியோடு நின்றுவிடுகிறாள். மீதியை உச்சரிக்க நாக்கு வளையவில்லை. ஒரு சொல்லை முழுசாகக் கேட்கத் தெரியாதவள் ஆட்களை வெளிநாட்டுக்கு அனுப்புகிறாள். இவர்கள் கையில் கொடுக்கும் காகிதத்தை எப்படி நம்புவது? அதுவும் அரபியில் இருக்குமாம். மாடிப்படி இறங்கும்போதே ஒரு முடிவுக்கு வந்தேன். அந்த ஒரு சொல்லை அரபியில் எப்படி எழுதுவார்கள் என்று நானே கற்றுக்கொள்வது. எழுத்தோடு பிறந்து எழுத்தோடு வளர்ந்த எனக்கு ஒரு சொல் என்ன பெரிய விஷயம்.

மறுநாள் காலையில் குழாய்ப் புட்டு. அதோடு தொட்டுக்கொள்ள வாழைப்பழம். புட்டுக்குப் பழம் என்றால் இட்லிக்கு மாம்பழமா என்று பிள்ளையிடம் கேட்டேன். "சீலமாயிட்டா, பழகிப்போனா விடமாட்டீரு" என்றார். முத்தையா இரண்டு குழாய் சாப்பிட்டான். அவனுக்கு எதையும் பழகிக்கொள்ளும் நாக்கு.

சாலைக் கடைத்தெருவில் பேரீச்சம்பழமும் அத்தரும் விற்கிற ஹம்சா என்பவரைப் பார்க்கச் சொல்லிப் பிள்ளை அனுப்பியிருந்தார். நாற்பது வயது இருக்கும். பத்து வருஷம் வளைகுடாவில் இருந்துவிட்டு வந்தவர். நான் விஷயத்தைச் சொன்னேன். ஒட்டகச்சிவிங்கி என்றால் அவருக்கும் விளங்கவில்லை. கழுத்தை நீட்டி, கையை உயர்த்தி, இல்லாத இலை ஒன்றை மென்று காட்டினேன். கடைக்கு வந்திருந்த பெண்கள் ஒதுங்கி நின்றார்கள்.

"ஓ, ஜிராஃப்" என்றார் ஹம்சா. "ஸராஃபா."

ஸவும் இல்லை, ஜவும் இல்லை, நடுவில் ஒரு வண்டு பறக்கிற சத்தம். எனக்கு வரவில்லை. முத்தையா முதல் தடவையிலேயே சொல்லிவிட்டான். தமிழ் எழுத்துச் சுத்தமாக வராதவனுக்கு அரபி வருவதில் ஆச்சரியமில்லை என்றேன். ஹம்சா மட்டும் சிரித்தார், அதுவும் மரியாதைக்காக.

பில் காகிதத்தின் பின்பக்கம் அதை எழுதிக் கொடுத்தார். வலமிருந்து இடமாக. தலைகீழாகவும் இடம்வலம் மாறியும் எழுத்தைப் படிப்பது என் தொழில், அதனால் மிரளவில்லை. முதலில் ஒரு வளைவு, அதன் தலையில் ஒரு புள்ளி. அடுத்தது அதே வளைவு, புள்ளி கிடையாது. பிறகு ஒரு கோல். பிறகு சின்ன மண்டை வைத்த எழுத்து, அதற்கும் மேலே ஒரு புள்ளி. கடைசியில் ஒரு குட்டிக் குடம், அதற்கு மேலே இரண்டு புள்ளி. ஆகமொத்தம் நாலு புள்ளி, நாலும் மேலே. புள்ளி போனால் சொல்லே போய்விடும் என்றார் ஹம்சா. அதை எனக்குச் சொல்ல வேண்டுமா? தமிழ்நாட்டில் எத்தனை மெய்யெழுத்துகள் என் மைத்துனன் கையில் புள்ளியை இழந்திருக்கின்றன!

"இங்கிலீஷ்காரன் இதை எங்க ஆளுகிட்ட வாங்கித்தான் ஜிராஃப் ஆக்கினான். அவன்கிட்ட வாங்கினது மலையாளம்" என்றார் அவர். எங்க ஆளு என்று அரபிக்காரர்களைச் சொன்னார்.

"நாங்க யார்கிட்டயும் வாங்கல. எங்களுக்குச் சொந்தமா ஒட்டகச்சிவிங்கி இருக்கு" என்றேன்.

"ஒட்டகம் அறியும். சிவிங்கின்னா?"

"சிறுத்தை மாதிரி ஒண்ணு."

"அப்போ அதுக்குச் சொந்தமாயிட்டு ஒரு பேரு இல்ல. ரெண்டு மிருகத்தப் பிடிச்சு ஒட்ட வச்சிருக்கியோ, அல்லே?"

பேரீச்சம்பழக் கடைக்காரரிடம் இலக்கணம் பேசக் கூடாது என்று நான் காகிதத்தை மடித்துப் பையில் வைத்தேன். அவர் விடவில்லை. "அங்கே ஒட்டகத்துக்குத்தான் பேரு கூடுதல். இபில்னு சொன்னா கூட்டம் கூட்டமாயிட்டுள்ள ஒட்டகம். எழுதித் தரட்டா?"

"அது எதுக்கு? வேண்டாம்" என்றேன்.

"எழுதிக் குடுங்க பாய். சும்மா தெரிஞ்சுக்கிடலாம்லா" என்றான் முத்தையா. வாங்கிச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டான். சும்மா கிடைக்கிறது என்றால் இவன் பேதி மாத்திரையும் வாங்கிக்கொள்வான்.

ஒட்டகச்சிவிங்கியை இவன் ஒரு தடவையாவது நேரில் பார்க்கட்டும் என்று மிருகக்காட்சி சாலைக்குக் கிளம்பினோம். அது மியூசியம் பக்கத்தில் இருக்கிறது. பேருந்துகளில் மலையாளப் பலகைதான். மலையாள ம நம்முடைய ம போலவேதான் இருக்கிறது. தமிழிலிருந்து எடுத்துச் சுழித்துவிட்டார்கள், அவ்வளவுதான். ம என்று ஆரம்பித்த ஒரு பேருந்தில் முத்தையாவைத் தள்ளி ஏற்றி நானும் ஏறினேன். "அத்தான், இது வேற மாதிரித் தெரியுது" என்றான். "நீ சொல்லித்தான் எனக்கு எழுத்துத் தெரியணும்" என்றேன். அரை மணி நேரம் கழித்து மணக்காட்டில் இறக்கிவிட்டார்கள். அதற்கும் முதலெழுத்து ம தான்.

திரும்பும் வழியில் ஒரு ஊர்வலம். கொடி பிடித்தவர்கள் மழையில் குடையும் பிடித்துக்கொண்டு கோஷம் போட்டுப் போனார்கள். எங்கள் ஊரில் ஊர்வலம் என்றால் சட்டை நனையும். இவர்கள் புரட்சிக்கும் குடையோடு வருகிறார்கள். பேருந்து முக்கால் மணி நேரம் நின்றது. அந்த நேரத்தில் முத்தையா கண்டக்டரிடம் கேட்டுக் கேட்டு எதிர்க்கடைப் பெயர்ப்பலகைகளைப் படித்துக்கொண்டிருந்தான்.

மிருகக்காட்சி சாலையில் அந்தப் பிராணி நின்றது. வெளிநாட்டுச் சரக்கு என்பது பார்த்தாலே தெரிந்தது. இவ்வளவு உயரத்தை வைத்துக்கொண்டு ஒரு காரியமும் செய்யவில்லை. மரத்தில் கட்டிய தழையைக் கடித்து, தாடையைப் பக்கவாட்டில் ஆட்டி, எங்களைப் பார்த்தும் பார்க்காமல் நின்றது. சில உறவினர்கள் கல்யாண வீட்டில் இப்படித்தான் நிற்பார்கள்.

முத்தையா வெகுநேரம் அதையே பார்த்தான். பிறகு, கொட்டடி கூட்டிக்கொண்டிருந்தவரிடம் கேட்டான். "இது சத்தம் போடாதா?"

"நான் கேட்டதில்லை. வாயைத் திறந்தால் தின்பதற்குத்தான்" என்று அவர் மலையாளத்தில் சொன்னார்.

"நல்லதுதான்" என்றான் முத்தையா.

"உனக்குப் பொருத்தமான ஜோடிதான். அதுக்குக் கழுத்து இருக்கு, பேச்சு இல்லை. உனக்கு ரெண்டும் இல்லை" என்றேன். அருகில் ஒரு தமிழ்க் குடும்பம் நின்றது. அந்த அம்மாள் சிரித்தாள். நான் உற்சாகமாகி, எண்ணெய்க் கடைக்காரர் கதையை அவர்களுக்கும் சொன்னேன். கதை முடிந்து திரும்பிப் பார்த்தபோது முத்தையா தூரத்தில் கடலை விற்பவரிடம் நின்றான்.

மூன்றாம் நாள் காலையில் கரமனைக்குப் போனோம். அந்தப் பெண் ஒரு உறையை எடுத்து மேசையில் வைத்தாள். விமானச் சீட்டு, அரபியில் அச்சடித்த விசா நகல். "தொழில் எந்த வரியில் இருக்கிறது?" என்று கேட்டேன். நகப் பூச்சு உரிந்த விரலால் காட்டினாள். நான் பையிலிருந்து ஹம்சாவின் காகிதத்தை எடுத்துப் பக்கத்தில் வைத்தேன். கண்ணாடியை மாட்டிக்கொண்டேன்.

அந்த வரியில் இரண்டு சொற்கள் இருந்தன. முதல் சொல்லில் வளைவு, கோல், கடைசியில் வாலைச் சுருட்டிய எழுத்து, அதற்குக் கீழே இரண்டு புள்ளி. இரண்டாவது சொல்லில் ஒரு கோல், அதன் காலடியில் சின்னக் கொக்கி. அடுத்த எழுத்துக்கும் கீழே ஒரு புள்ளி. திரும்பத் திரும்பப் பார்த்தேன். மேலே ஒரு புள்ளிகூட இல்லை. எல்லாம் கீழே.

"மணி, அந்தக் காயிதத்தை எடு" என்றேன். முத்தையாவை நான் முத்தையா என்றே கூப்பிடுவேன், பதற்றத்தில் என் மகன் பெயர் வந்துவிட்டது. அவன் எடுக்கவில்லை. நானே அவன் சட்டைப் பையில் கைவிட்டு, சும்மா வாங்கிவைத்த அந்த இரண்டாவது காகிதத்தை எடுத்தேன். கோல், காலடியில் கொக்கி, கீழே புள்ளி. அச்சு அசலாக விசாவில் இருந்த அதே சொல். இபில்.

நான் பேச ஆரம்பித்தேன். மூன்று நாளாக அந்த ஊர் அரிசி, தண்ணீர், பேருந்து, குடை எல்லாவற்றின் மீதும் சேர்ந்திருந்தது அந்தப் பெண்ணின் மீது இறங்கியது. பாவப்பட்டவர்களை ஏமாற்றிப் பிழைக்கிறீர்கள், ஒட்டகச்சிவிங்கியைக் காட்டி ஒட்டகத்தைக் கொடுக்கிறீர்கள், திருநெல்வேலிக்காரன் என்றால் இளிச்சவாயன் என்று நினைத்தீர்களா, போலீசுக்குப் போவேன். நான் மூச்சு வாங்க நிறுத்தியதும் அவள் அலமாரியைத் திறந்து ஒரு விண்ணப்பத்தை எடுத்து என் முன்னால் வைத்தாள்.

"ஒட்டகம் நோக்குந்ந ஜோலின்னு ஆதியிலேயே பறஞ்ஞதாக்கும். இந்த ஆளு அறிஞ்சோண்டுதான் எழுதினது" என்றாள். எனக்குப் புரிய வேண்டும் என்று தமிழையும் கலந்து சொன்னாள்.

விண்ணப்பத்தில் முத்தையாவின் கையெழுத்து. 'ஒட்டகம் பராமரிக்கும் வேலை என்று அறிந்து சம்மதிக்கிறேன்' என்று தமிழில் எழுதியிருந்தான். பழக்கதோஷம், பிழை தேடினேன். பிழை இல்லை. பெரிய ற, சின்ன ர, ஒற்று எல்லாம் இருக்க வேண்டிய இடத்தில் இருந்தன.

நான் அவளிடம் மன்னிப்புக் கேட்கவில்லை. கேட்டிருக்க வேண்டும். இப்போது எழுதும்போது கேட்டுக்கொள்கிறேன், அவளுக்கு இது கேட்கப் போவதில்லை.

கரமனை ஆற்றுப் படித்துறையில் போய் உட்கார்ந்தோம். மழை விட்டிருந்தது. இரண்டு பெண்கள் பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்தார்கள்.

"ஒட்டகச்சிவிங்கின்னு சொன்னது யாரு?" என்றேன்.

"சிவிங்கிய நான்தான் சேத்தேன் அத்தான்" என்றான். "ஏஜெண்ட் ஒட்டகம்னுதான் சொன்னாரு. ஒட்டகம்னா அக்கா அழுவா. அந்த அடுத்த தெருப் பையன நெனச்சுக்கிடுவா. சிவிங்கியச் சேத்தா சிரிப்பான்னு தெரியும். சிரிச்சால்லா?"

"பாலைவனத்துல தனியாக் கெடந்து சாகப் போறியா? நம்ம பிரஸ்ல உனக்கு என்ன கொறை?"

அவன் ஆற்றைப் பார்த்தான். சண்டை போடுகிற குரலே இல்லை. மணி என்ன என்று கேட்டால் சொல்வது போலச் சொன்னான்.

"ஒட்டகம் கதை சொல்லாதுல்லா அத்தான்."

எனக்கு முதலில் புரியவில்லை என்று எழுத ஆசை. உடனே புரிந்தது.

"வெளையாட்டுக்குச் சொல்றதுதானலே" என்றேன்.

"வெளையாட்டுத்தான். நான் ஒண்ணும் சொல்லலையே. நாலு வருசமா கடைக்கு வாறவன் எல்லாம் என் மூஞ்சியப் பாத்துச் சிரிச்சிட்டுத்தான் கார்டு அடிக்கக் குடுக்கான். போன மாசம் எனக்கு ஒரு எடத்துல பொண்ணு பாத்தோம்லா, அவங்க வீட்லயும் சொன்னீங்க. அந்தப் பிள்ளையும் சிரிச்சா. நல்லாத்தான் சிரிச்சா."

அதைச் சொன்னது எனக்கு நினைவிருந்தது. கதை அன்றைக்கு மிகவும் நன்றாக அமைந்தது என்று வீட்டுக்கு வந்து மனைவியிடம் பெருமைப்பட்டதும் நினைவிருந்தது. அந்த இடம் ஏன் தட்டிப்போனது என்று நாங்கள் ஜாதகத்தைக் குறை சொன்னோம்.

"போகாத. வா, ஊருக்குப் போவோம். இனிமே சொல்ல மாட்டேன்" என்றேன். என் குரல் எனக்கே புதிதாக இருந்தது.

"ரெண்டு நாள் சொல்ல மாட்டீங்க. மூணாம் நாள் எவனாவது வருவான்" என்றான். "இப்பப் புதுசா ஒண்ணு வேற கெடச்சிரும். ஒட்டகம் மேய்க்கப் போயி, பாதில திரும்புனவன்னு."

அவன் சொல்லி முடிக்கும்போதே அந்தக் கதையை எங்கே ஆரம்பிக்கலாம், எங்கே நிறுத்தினால் சிரிப்பார்கள் என்று என் மூளை ஒரு ஓரத்தில் கணக்குப் போட்டது. அதை நான் கவனித்தேன். ரொம்ப வெட்கமாக இருந்தது. அதற்குப் பிறகு போகிற இடத்தைப் பற்றித்தான் கேட்டேன். நாகர்கோவில்காரர் ஒருவர் அங்கே ஏற்கெனவே ஆறு வருஷமாக வேலை பார்க்கிறாராம். அவரோடு தபாலில் பேசிய பிறகுதான் ஒப்புக்கொண்டதாகச் சொன்னான். தங்குவதற்குத் தகரக் கொட்டகை, வாரம் ஒரு தடவை தண்ணீர் லாரி, வருஷத்துக்கு ஒரு மாதம் லீவு. எல்லாம் கேட்டு வைத்திருந்தான். விவரம் பத்தாதவன் என்று நாங்கள் ஒருமித்துத் தீர்மானித்திருந்தவன்.

நாலாம் நாள் காலையில் பிள்ளையின் ஓட்டலில் கடைசிச் சாப்பாடு. நானும் அந்த ரோஸ் தண்ணீரைக் குடித்துப் பார்த்தேன். ஒரு குறையும் இல்லை. வலியசாலையிலிருந்து பிள்ளைக்குத் தெரிந்த இரண்டு பேர் வந்து உட்கார்ந்திருந்தார்கள். பிள்ளை கல்லாவிலிருந்து கூப்பிட்டார்.

"அண்ணாச்சி, அந்த அலைக்கிறோம் கதைய இவங்களுக்கும் ஒருக்காச் சொல்லும். தமாசு, கேட்டேளா, கேட்டா வயிறு வலிக்கும்."

முத்தையா இட்லியைப் பிய்த்த கையை அப்படியே வைத்திருந்தான். வந்தவர்கள் சிரிப்பதற்குத் தயாராக என் முகத்தைப் பார்த்தார்கள்.

"ஒரு பத்திரிகைல அழைக்கிறோம் அலைக்கிறோம்னு விழுந்துட்டு" என்றேன். "எழுத்துக் கோத்தது இவன். ஆனா புரூஃப் படிச்சது நான். நான் படிச்சு, சரின்னு கையெழுத்துப் போட்ட பிறகுதான் மிஷின்ல ஏத்துவோம். ழ இல்லைங்கிறது என் கண்ணுக்குத் தெரியல. எண்ணெய்க் கடைக்காரர் சண்டைக்கு வந்தப்ப இவன் தலையில போட்டுட்டேன்."

யாரும் சிரிக்கவில்லை. அந்த இரண்டு பேரில் ஒருவர், "அது சாரமில்லை, போகட்டும்" என்று மட்டும் சொன்னார். பிள்ளை இதில் தமாசு எங்கே இருக்கிறது என்று கொஞ்ச நேரம் யோசித்துவிட்டுச் சில்லறையை எண்ணப் போய்விட்டார். நாலு வருஷத்தில் அந்தக் கதை சிரிப்பில்லாமல் முடிந்தது அன்றுதான். முத்தையா என்னை நிமிர்ந்து பார்த்தான். பிறகு இட்லியைச் சாம்பாரில் தோய்த்தான். "நேரமாவுது அத்தான்" என்றான்.

விமான நிலையத்தில் வழியனுப்ப வந்தவர்களை உள்ளே விடவில்லை. கம்பித் தடுப்புக்கு வெளியே எல்லாக் குடும்பங்களும் நின்று அழுதுகொண்டிருந்தன. இந்த ஊர்க்காரர்கள் அழுவதில் மட்டும் குடை பிடிக்கவில்லை. முத்தையா கைப்பையைத் தோளில் மாட்டிக்கொண்டு, "அக்காகிட்ட..." என்று ஆரம்பித்தான்.

"சொல்ல மாட்டேன்" என்றேன்.

திரும்பும் பேருந்தில் மறுபடியும் மழை. மறுபடியும் என் பக்கத்துத் தார்ப்பாயில்தான் கிழிசல். இடம் மாற்றிக் கொடுக்கிறேன் என்று சொல்ல ஆள் இல்லை.

வாசலிலேயே மனைவி கேட்டாள். "காயிதத்தப் படிச்சீங்களா?"

"படிச்சேன்."

"ஒட்டகச்சிவிங்கிதான?"

ஒன்பது வருஷமாக அவன் விட்ட எழுத்தையெல்லாம் பிடித்துப் பிடித்து வெளியே இழுத்தவன் நான். இந்த ஒரு இடத்தில் அவன் கூடுதலாகச் சேர்த்ததை அடிக்காமல் விட்டேன்.

"ஆமா. அரபியில ஸராஃபான்னு சொல்வாங்க. மேல நாலு புள்ளி" என்றேன்.

"ஸராஃபா" என்று அவள் சொல்லிப் பார்த்தாள். வண்டுச் சத்தம் அவளுக்கும் வரவில்லை. "பேரே சிரிப்பா இருக்கு" என்று சிரித்தாள்.

எனக்குத் தெரிந்த இரண்டு அரபிச் சொற்களில் நானே தேடிப்போய்க் கற்றது அது ஒன்றுதான். அந்தப் பொய்யைச் சொன்னதைத் தவிர வேறு எதற்கும் அது இதுவரை எனக்குப் பயன்படவில்லை.